பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஒரு சோதனைத் திடல் கேட்டு: கிழக்கு எல்லைப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி பஞ்சாயத்துகளின் தலைவர்களுக்கும் வார்டு மெம்பர்களுக்கும், கேரளத்தில் மாற்று எரிசக்தியைக் கவனிக்கும் அனெர்ட் நிறுவனத்தின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் வேலந்தாவளம் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவன். போர் மோட்டார், கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் என் பெஞ்சுக்குத்தான் வரும். கொஞ்ச நாளாக அதே பெஞ்சுக்கு வேறு ஒரு சாமானும் வர ஆரம்பித்திருக்கிறது. சின்னச் சின்னக் காற்றாடி ஜெனரேட்டர்கள். அதனால்தான் இந்த மடல்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். திட்ட நிதியிலிருந்து புதுவகைக் காற்று மின்சாரம் என்று எதையாவது வாங்க யோசிக்கிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன்னால் நம் எல்லையில் ஒரு ஏக்கர் இடம் ஒதுக்கி, ஒரு சோதனைத் திடல் போடுங்கள். காற்றை அளக்கும் கம்பம் ஒன்று, அதைச் சுற்றி ஏழெட்டு விதமான இயந்திரங்கள், ஒவ்வொன்றும் தினமும் எத்தனை யூனிட் கொடுத்தது என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பலகை. கேட்பது இவ்வளவுதான்.

இதை ஏன் நம் ஊரில் கேட்கிறேன் என்றால், இங்கே காற்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய வாசல் வேறு எங்கேயும் கிடையாது, ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி நிற்காமல் இந்த வாசல் வழியாகத்தான் கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப் பக்கம் பாய்கிறது. மழையைப் பெரும்பாலும் மேற்கிலேயே கொட்டிவிட்டு வருவதால் நமக்குத் தண்ணீர் குறைவு, ஆனால் காற்றுக்குக் குறைவே இல்லை. உடுமலைப் பக்கம் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் பார்த்தால், கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் 1990களில் நட்டு வைத்த ஒன்பது காற்றாலைகள், ஒவ்வொன்றும் 225 கிலோவாட். அட்டப்பாடியில் அகளிப் பக்கம் கொஞ்சம், இடுக்கியில் ராமக்கல்மேட்டில் கொஞ்சம். பிற்பாடு தனியார் வைத்த சிலவும் உண்டு, ஆனால் உடுமலையோடு பார்த்தால் கொஞ்சம்தான்.

பெரிய காற்றாலை நம் பஞ்சாயத்துகளுக்கு ஏன் அவ்வளவாக வரவில்லை என்பதும் தெரிந்ததுதான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சிதறிக் கிடக்கும் தென்னந்தோப்புகள், நடுவில் வீடுகள், இறக்கையைக் கொண்டுவரும் நீள லாரி திரும்ப முடியாத சாலைகள். அட்டப்பாடியில் காற்றாலை நிலம் பற்றி எழுந்த சர்ச்சையையும் எல்லோரும் பார்த்தோம். ஆகையால் சின்னதாக, புதுமாதிரியாக ஏதாவது கிடைக்குமா என்று ஆட்கள் தேடுவது நியாயமான ஆசை. அந்த ஆசையை நம்பித்தான் வழவழ காகிதத்தில் அச்சடித்த நோட்டீசோடு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.

என் பெஞ்சுக்கு வந்த ஒரு காற்றாடியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் எதுவும் வேண்டாம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் மொட்டை மாடியில் நன்கொடைப் பணத்தில் வைத்தது. ஸ்டிக்கரில் 1 கிலோவாட் என்று போட்டிருந்தது. பேரிங் இறுகி, தண்டு கையால் திருப்பினாலும் திரும்பாத நிலையில் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் காயில் எரியவே இல்லை. செப்புக் கம்பி கடையிலிருந்து வந்த மாதிரி பளபளவென்று இருந்தது, அதாவது அந்தக் கம்பியில் உருப்படியான கரண்ட் ஓடியதே கிடையாது. ஸ்டிக்கரைத் திரும்பப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில், வினாடிக்கு 12 மீட்டர் காற்றில் 1 கிலோவாட் என்று இருந்தது.

இந்தப் பொடி எழுத்தை மெம்பர்கள் ஒவ்வொருவரும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றில் இருக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதே மாதிரி இறங்கும். வேகம் பாதியானால் சக்தி பாதி ஆகாது, எட்டில் ஒரு பங்கு ஆகும். மூன்றில் ஒரு பங்கு வேகம் என்றால் 27ல் ஒரு பங்கு. அந்த மாடியில், சுற்றிலும் தென்னையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும் இடத்தில், சராசரியாக வினாடிக்கு 4 மீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். 12க்குப் பதில் 4 என்றால் 1 கிலோவாட் மிஷின் தருவது 37 வாட். ஒரு சீலிங் ஃபேன் ஓட்டக்கூடத் திணறும். இதில் ஏமாற்றம் யாருக்கு என்றால் பிள்ளைகளுக்கு. காற்று மின்சாரம் என்றாலே மாடியில் துருப்பிடித்து நிற்கிற ஒரு சாமான் என்று அவர்கள் மனதில் பதிந்துபோகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. பிரிட்டனில் வீட்டுக் கூரைகளில் வைத்த சின்னக் காற்றாடிகளை வரிசையாக அளந்து பார்த்து 2009ல் அறிக்கை போட்டார்கள், பெரும்பாலானவை சொன்ன அளவில் சிறு பங்கைத்தான் தந்தன.

அப்படியென்றால் புது வழிகள் எல்லாமே வீண் என்று சொல்கிறேனா? கண்டிப்பாக இல்லை. எனக்கு இந்த இயந்திரங்கள் மேல் உண்மையாகவே ஆசை உண்டு. ராத்திரி கடை சாத்திய பிறகு இவற்றைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருப்பேன்.

செங்குத்து அச்சில் சுற்றுகிறவற்றை எடுத்துக்கொள்வோம். பின்லாந்துக்காரர் சவோனியஸ் 1920களில் கொண்டுவந்த வடிவம், டிரம்மை நெடுக்காக இரண்டாகப் பிளந்து எதிரெதிராகத் தள்ளி வைத்த மாதிரி இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தாலும் சுற்றும், மெல்லிய காற்றிலும் கிளம்பும், வெல்டிங் தெரிந்த யாரும் செய்யலாம். பாலிடெக்னிக் பையன்கள் சிலர் 200 லிட்டர் டிரம்மில் ஒன்று செய்து, அதில் பழைய கார் ஆல்டர்னேட்டரை மாட்டி, மின்சாரம் வரவில்லை என்று என்னிடம் எடுத்து வந்தார்கள். கணக்கைச் சேர்ந்து போட்டோம். காற்று படுகிற பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் அந்தப் பரப்பில் வருகிற மொத்தச் சக்தியே 120 வாட்டுக்குள்தான். சவோனியஸ் அதில் ஆறில் ஒரு பங்கைப் பிடித்தாலே அதிகம், ஆக 20 வாட்டுக்குள். அதுவும் நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது சுற்றுதான் வரும், கார் ஆல்டர்னேட்டருக்கோ ஆயிரத்துக்கு மேல் வேண்டும். காந்தத் துண்டுகளை வட்டமாக ஒட்டி, மெதுவான சுற்றுக்கென்றே காயில் கட்டினால் சரியாகும், அது என்னைப் போன்றவர்கள் பெஞ்சிலேயே ஆகிற வேலை. பையன்கள் சோர்ந்து போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண் கையில் கிடைத்தவுடன் அவர்களுக்கு வேலை இன்னும் பிடித்துப்போனது.

பிரான்ஸ்காரர் டாரியூ காப்புரிமை எடுத்த வடிவம், முட்டை அடிக்கும் கரண்டி மாதிரி வளைந்த இறக்கைகளோடு இருப்பது, சவோனியஸைவிட நன்றாகச் சக்தியைப் பிடிக்கும், ஆனால் தானாகக் கிளம்பச் சண்டித்தனம் செய்யும். கனடாவின் கியூபெக்கில் 100 மீட்டருக்கும் மேல் உயரமாக இப்படி ஒன்று கட்டினார்கள், எயோல் என்று பெயர், 4 மெகாவாட் திறன். 1980களின் கடைசியில் ஓட ஆரம்பித்து, சில ஆண்டுகளில் அடியிலிருந்த பேரிங் கெட்டுப்போய் நின்றுவிட்டது. மொத்தப் பாரமும் அடிப் பேரிங்கில் உட்காரும்போது என்ன ஆகும் என்பது என் தொழிலில் இருக்கிற எவருக்கும் சொல்லாமலே புரியும். அப்புறம் 2011ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜான் டபிரி என்பவர் சின்ன டாரியூ வகைகளை, ஒன்று வலச்சுற்று பக்கத்தில் இருப்பது இடச்சுற்று என்று ஜோடி ஜோடியாக நெருக்கி நட்டுப் பார்த்தார். தனித்தனியாகத் தூரத்தூர நிற்கும் பெரிய காற்றாலைகளைவிட, ஒரே அளவு நிலத்திலிருந்து அதிக மின்சாரம் எடுக்க முடியும் என்று காட்டினார். ஒரு ஏக்கர்க்காரர்கள் நிறைந்த நம் பஞ்சாயத்துக்கு இது முக்கியமான செய்தி இல்லையா?

இறக்கையே இல்லாத வழிகளும் உண்டு. கடைவீதியில் கட்டியிருந்த பிளெக்ஸ் கிழிந்து, ஒரு நாடா மட்டும் இரண்டு முனையிலும் மாட்டிக்கொண்டு நிற்கும்போது காற்றில் விர்ரென்று அதிரும், பார்த்திருப்பீர்கள். அந்த அதிர்வையே காந்தத்தோடும் காயிலோடும் சேர்த்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஷான் ஃப்ரேன் என்ற அமெரிக்கர் விண்ட்பெல்ட் என்று ஒன்று செய்தார். விளக்கு, ரேடியோ, சென்சார் அளவுக்கான சின்ன சக்திதான், ஆனால் பேரிங்கும் பல்சக்கரமும் கிடையாது. ஸ்பெயினின் வோர்டெக்ஸ் பிளேட்லெஸ் ஒரு கம்பம் மட்டும். காற்று அதன் இரு பக்கமும் மாறி மாறிச் சுழலாகப் பிரியும்போது கம்பம் ஆடும், அந்த ஆட்டத்திலிருந்து மின்சாரம். அழகான யோசனை. ஆனால் காற்றில் எவ்வளவு பரப்பைத் தொடுகிறாயோ அதற்குத் தகுந்ததுதான் கிடைக்கும், ஒல்லிக் கம்பம் தொடுகிற பரப்பு ரொம்பக் குறைவு. இதைத் தெருவிளக்குக்குப் பதில் வைக்கலாம் என்று யாராவது வந்தால் ஒரு வருட யூனிட் கணக்கைக் கேளுங்கள்.

பரப்புக் கணக்கை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், எந்தக் கம்பெனி வந்தாலும் உதவும். ஜெர்மன்காரர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919லேயே நிரூபித்துவிட்டார், இறக்கை வட்டத்துக்குள் வரும் காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. நல்ல சின்ன மிஷின் 30 சதவீதம் எடுத்தால் சந்தோஷப்படலாம். ஒரு 5 எச்பி மோட்டாரை வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் நேராக ஓட்ட வேண்டுமானால், ஏறக்குறைய 11 மீட்டர் விட்டமுள்ள இறக்கை வட்டம் வேண்டும். இரண்டு மீட்டர் காற்றாடியை மாட்டிவிட்டுப் போர் மோட்டார் ஓடும் என்று யாராவது சொன்னால் உட்காரக்கூட வைக்காதீர்கள்.

ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தில் யூஜி ஓயா குழுவினர் செய்த காற்று வில்லை, அதாவது விண்ட் லென்ஸ், இதில் கொஞ்சம் வேறு ரகம். இறக்கையைச் சுற்றி விளிம்பு வைத்த ஒரு வளையம். விளிம்புக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் அதிகக் காற்றை உள்ளே இழுக்கும், அதே இறக்கையிலிருந்து இரண்டு மூன்று மடங்கு மின்சாரம். வளையத்தின் வெளிவிட்டத்தை வைத்துப் பார்த்தால் இதுவும் பெட்ஸ் கணக்குக்குள்தான் வரும், ஆனாலும் இறக்கை சின்னதாக இருப்பது பராமரிப்புக்கு நல்லது. வளையத்தின் எடையும் பெருங்காற்றில் அது வாங்கும் அடியும்தான் சிக்கல்.

இந்த இடத்தில்தான் நம் காற்றின் ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும், இந்த மடலில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஊர் உலகத்தில் புதுவகை இயந்திரங்கள் சில தோற்றதற்கு ஒரு காரணம், காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், இயந்திரமோ ஒரே பக்கம் பார்த்து நிற்கும். கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை பல இந்த வகை. பஹ்ரைனில் 2008ல் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே பாலம் போட்டு 29 மீட்டர் விட்டத்தில் மூன்று காற்றாலைகள் மாட்டினார்கள், கடற்காற்று பெரும்பாலும் ஒரே திசையில் வருவதால்தான் அப்படி வைக்க முடிந்தது. நம் கணவாயில் காற்றுக்கு முக்கியமாக இரண்டே பாதை. இடவப்பாதி, அதாவது வைகாசி நடுவில் தென்மேற்குப் பருவம், பிறந்தால் மேற்கிலிருந்து, கார்த்திகை மார்கழியில் மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்கிற காற்று கிழக்கிலிருந்து. ஒரே தடத்தில் போவதும் வருவதும். ஆகவே காற்றுத் திசைக்குத் திரும்புகிற சிக்கலான பாகங்கள் இல்லாமல், வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்பேனர் போட்டுத் திருப்பி வைத்தால் போதும் என்கிற மாதிரி இயந்திரங்கள் இங்கே எடுபடலாம். விண்ட் லென்ஸை இப்படி வைக்கலாம், டபிரி சொன்ன ஜோடிகளைக் காற்றுக்குக் குறுக்கே வேலி மாதிரி வரப்போரம் நிறுத்தலாம், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கு நடுவில் காற்று நெருங்கிப் பாயும் சந்துகளைப் பயன்படுத்தலாம். இடையில் மார்ச், ஏப்ரலில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அதற்குத்தான் திடல்.

கேரளத்துக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. விழிஞ்ஞத்தில் 1991ல் சென்னை ஐஐடிக்காரர்கள் கடல் அலையில் மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை ஓட்டினார்கள். அலை ஒரு பெட்டிக்குள் ஏறி இறங்கும்போது காற்றை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும், அந்தக் காற்றுதான் டர்பைனைச் சுற்றியது. அதிலிருந்தது வெல்ஸ் டர்பைன், காற்று உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் ஒரே பக்கம் சுற்றும். நிலையம் பிற்பாடு நின்றுபோனது, ஆனால் அங்கே அளந்து எழுதிய தகவல்களை உலகம் முழுவதும் அலை மின்சாரம் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். தென்கோடியில் செய்ததைக் கணவாயில் ஏன் செய்யக் கூடாது?

பட்டம் விட்டு மின்சாரம் எடுப்பது பற்றியும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். உயரே போகப் போகக் காற்று பலமாகவும் நிலையாகவும் இருக்கும். தென்னையில் கள் இறக்குகிறவர்களைக் கேளுங்கள், கீழே வேட்டி நுனி அசையாத நேரத்திலும் உச்சியில் குருத்தோலை ஆடும். 200, 300 மீட்டருக்குப் பட்டத்தை ஏற்றினால், அது இழுக்கிற இழுப்பில் கீழே கயிற்று உருளை சுற்றி மின்சாரம் வரும். மைல்ஸ் லாய்டு 1980லேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார். கூகுளின் தாய் நிறுவனம் பெரிய பணம் போட்டு வளர்த்த மகானி என்ற பட்டக் கம்பெனி 2020ல் மூடப்பட்டது, ஜெர்மனியின் ஸ்கைசெயில்ஸ் மொரீஷியஸில் பட்டம் விட்டுப் பார்த்தது. நமக்குப் பக்கத்திலேயே கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம். இந்த உயரத்துக்கு அனுமதி வாங்குவது பஞ்சாயத்து வேலை இல்லை. இதை இப்போதைக்கு விடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை 544ல் வாளையார் பக்கம் நடுத்தடுப்பில் காற்றாடி வைத்து லாரிக் காற்றில் மின்சாரம் எடுக்கலாம் என்கிற யோசனையும் சுற்றுகிறது. லாரி கடக்கும்போது வரும் வீச்சு சில வினாடிதான். ரொம்ப நெருக்கமாக வைத்தால் அந்தச் சக்தியில் ஒரு பங்கு லாரியின் டீசலிலிருந்தே போகும். ஆனால் அங்கே இயற்கைக் காற்றே சாலையோரமாகப் பாய்கிறது, ஆகவே ஒரு காற்றாடியை அங்கே வைத்து, லாரியால் எவ்வளவு, காற்றால் எவ்வளவு என்று பிரித்து அளந்தால் நாட்டுக்கே உபயோகமான எண் கிடைக்கும்.

சரி, திடல் எப்படி இருக்க வேண்டும். 40 மீட்டர் கம்பம் ஒன்று, 10, 20, 40 மீட்டர் உயரங்களில் காற்றின் வேகம் அளக்கும் காற்றுமானியும் காற்றுத் திசைகாட்டியும். 10 மீட்டர் உயரத்தில் வேகம் வினாடிக்கு 4.5 மீட்டர், 40 மீட்டர் உயரத்தில் 6 மீட்டர் என்று இருந்தால், வேக வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான், சக்தியோ இரண்டு மடங்குக்கு மேல். கம்பத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்ய இந்த எண் இல்லாமல் முடியாது. குறைந்தது ஒரு முழு வருஷம், இரண்டு காற்றும் வந்து போகும் வரை அளக்க வேண்டும். இயந்திரம் கொண்டுவருகிற கம்பெனி தன் செலவில் நட்டு வைக்கட்டும், வருஷம் முடிந்து எண்ணைப் பார்த்த பிறகு பஞ்சாயத்து வாங்கட்டும். எல்லா இயந்திரத்துக்கும் பிரேக் இருக்க வேண்டும், ஆடிக் காற்றில் கழன்று பறந்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மயில்கள் நம் பக்கம் அதிகம், இறக்கையில் அடிபடுகின்றனவா என்பதையும் குறித்து வைக்க வேண்டும். கெட்டுப்போன பாகத்தைக் கோயம்புத்தூரிலோ இங்கேயோ செய்ய முடியுமா, வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமா என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். பலகையில் தமிழும் மலையாளமும் இரண்டும் இருக்கட்டும்.

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கச் சென்னையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது, கயத்தாற்றில் அவர்களுக்குச் சோதனை நிலையமே உண்டு. அவர்களை அணுக வேண்டியது அனெர்ட். எல்லை தாண்டிப் பேச வேண்டியிருக்கும், பரவாயில்லை, காற்று எப்படியும் எல்லை தாண்டித்தான் போகிறது.

மின்வாரியத்துக்கும் இதில் லாபம் உண்டு. வீட்டுக்கு வீடு சோலார் வந்துவிட்ட பிறகு பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் தட்டுப்பாடு. மழை மாதங்களில் சோலார் குறையும், அதே மாதங்களில்தான் நம் காற்று உச்சத்தில் இருக்கும். எந்த இயந்திரம் சாயங்காலம் ஆறு முதல் பதினொன்று வரை அதிகம் தருகிறது என்று மணிவாரியாகக் குறித்தால், அந்த ஒரு அட்டவணைக்காகவே திடல் போட்ட செலவு தகும்.

அடுத்த கிராம சபையில் இதை நான் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். விவசாயிகள், கள் தொழிலாளிகள், பாலிடெக்னிக் பிள்ளைகள், வெல்டிங் பட்டறைக்காரர்கள் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். திடலில் நிற்கிற எந்த ஜெனரேட்டருக்கும் முதல் வருஷம் காயில் கட்டும் வேலையைக் கூலி வாங்காமல் செய்து தருகிறேன், செப்புக் கம்பி மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும். மெம்பர்கள் செய்ய வேண்டியது, காற்றுக்கு மறைப்பில்லாத புறம்போக்கு ஒன்றை மேற்குப் பார்த்தும் கிழக்குப் பார்த்தும் திறந்த மேட்டில் அடையாளம் காட்டுவது. விருச்சிகக் காற்று தொடங்குவதற்கு முன்னால் கம்பம் நின்றுவிட்டால், முதல் அளவைக் கிழக்குக் காற்றிலிருந்தே எடுக்கலாம்.

இப்படிக்கு,
வேலந்தாவளத்திலிருந்து ஒரு மோட்டார் வைண்டிங் தொழிலாளி